நடந்துகொண்டே பேசினால் வைஃபை கால் ஏன் கட்டாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளியில் எனக்கு ஒரு சின்னக் கடை. சிசிடிவி, கேபிள், வைஃபை மாட்டும் வேலை. ராமேஸ்வரம் லாட்ஜ், மண்டபம் இறால் கம்பெனி, கீழக்கரை வீடு என்று எங்கே போனாலும் கேள்வி மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் போனில் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். வைஃபை சிக்னல் கொடுக்கும் பெட்டியான அக்சஸ் பாயின்ட் என்பதை ஊரில் எல்லாரும் சொல்வதுபோல 'பாக்ஸ்' என்றே சொல்லப்போகிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். கீழே உள்ள பதில்களில் மேலே சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

பஸ்ல ராமநாதபுரத்துல ஏறி ராமேஸ்வரம் வரைக்கும் பேசிக்கிட்டே வர்றேன், கால் கட்டாகல. லாட்ஜுல ஒரு மாடி ஏறுனா கட்டாகுது. என்ன தம்பி இது?

பஸ்ஸில் வரும்போது உங்கள் போன் எத்தனையோ டவர் தாண்டி வருகிறது. ஆனால் எப்போது தாண்டுவது, எந்த டவருக்குப் போவது என்று முடிவு செய்வது போன் இல்லை. "இந்த டவர் இவ்வளவு கேட்குது, அந்த டவர் அவ்வளவு கேட்குது" என்று போன் கணக்கு மட்டும் கொடுக்கும். நெட்வொர்க் அதைப் பார்த்து, அடுத்த டவரில் இடம் போட்டு வைத்துவிட்டு, "இப்போ போ" என்று சொல்லும். இடம் தயாரான பிறகுதான் போன் கிளம்புகிறது.

வைஃபையில் அப்படி யாரும் இடம் பிடித்து வைப்பதில்லை. எப்போது விடுவது, எதைப் பிடிப்பது இரண்டும் போனின் இஷ்டம். பாக்ஸ்கள் மாட்டிய இடத்திலேயே சும்மா இருக்கும். போனோ, பிடித்ததை லேசில் விடாது. சிக்னல் செத்த பிறகுதான் "அடடா" என்று அடுத்ததைத் தேட ஆரம்பிக்கும். நீங்கள் மாடிப்படியில் நிற்கும் அந்த இரண்டு மூன்று விநாடி அதுதான். இது ஒன்று பிடிபட்டால் கீழே உள்ளதில் முக்கால்வாசி தானாகப் புரியும்.

ரோமிங்னா காசு கூடப் பிடிப்பாங்களே? அரிச்சல்முனையில நின்னா இலங்கை டவர் பிடிக்குதே, அது மாதிரியா?

இல்லை. அது ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போவது. தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுவில் மறைப்பே இல்லாத கடல், அதனால் அந்தக் கரை சிக்னல் இங்கே வந்து விழுகிறது. தனுஷ்கோடி போகிறவர்கள் போன் செட்டிங்கில் நெட்வொர்க்கை மேனுவலில் வைத்துக்கொள்வது நல்லது. நாம் பேசுவது ஒரே வைஃபைக்குள் ஒரு பாக்ஸை விட்டு இன்னொரு பாக்ஸுக்கு மாறுவதை. அதற்கும் ரோமிங் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காசு கிடையாது.

ரவுட்டர், ரிப்பீட்டர், நீங்க சொல்ற பாக்ஸ் எல்லாம் ஒண்ணுதானே? எல்லாத்துலயும் ஆன்டெனா இருக்கு. நான் மூணு ரவுட்டர் வாங்கி ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு போட்டுட்டேன்.

இங்கேதான் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ரவுட்டர் என்பது ஒரு தெருவுக்குத் தலைவாசல் மாதிரி. உள்ளே வரும் ஒவ்வொரு போனுக்கும் அதுதான் கதவு எண் கொடுக்கும். அதைத்தான் ஐபி என்கிறோம். மூன்று ரவுட்டரையும் ரவுட்டராகவே ஓடவிட்டால், மூன்றும் தனித்தனித் தெரு. பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருப்பதால் போன் நம்பி மாறிவிடும். மாறிய பிறகு பழைய கதவு எண் செல்லாது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். பேசிக்கொண்டிருந்த கால் பழைய எண்ணில் இருந்ததால் அங்கேயே அறுந்துவிடும். எவ்வளவு வேகமாக மாறினாலும் இதே கதைதான்.

அக்னி தீர்த்தம் பக்கம் ஒரு லாட்ஜில் ஆறு ரவுட்டர் இப்படி ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பாக்ஸ் வாங்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு ரவுட்டரை மட்டும் தலைவாசலாக வைத்துவிட்டு, மீதி ஐந்தையும் அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினேன். அந்த மோடு இல்லாத பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை (கதவு எண் கொடுக்கும் வேலையை) அணைத்து, அதன் ஐபி எண்ணை மோதாதபடி மாற்றி, வயரை 'வான்' ஓட்டையிலிருந்து பிடுங்கி 'லான்' ஓட்டையில் சொருகினால் போதும். அன்றைக்குச் செலவு என் கூலி மட்டும்தான்.

ரிப்பீட்டர் வேறு சாதி. அது வயர் இல்லாமல் ஒரு பாக்ஸிடம் கேட்டு அதையே திருப்பிச் சொல்லும். கேட்பதும் சொல்வதும் ஒரே ரேடியோ என்றால் வேகம் பாதியாகும். வயர் இழுக்க வழியே இல்லாத இடத்துக்கு மட்டும்.

சேனல்னா என்ன? எதுக்கு ஒவ்வொரு பாக்ஸுக்கும் வேற வேற நம்பர் போடுறீங்க?

விசைப்படகில் போகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். படகில் இருக்கும் விஎச்எஃப் செட்டில் 16-ஆம் சேனலில் கூப்பிடுவோம். ஆள் கிடைத்ததும் "வேற சேனலுக்கு வா" என்று சொல்லிவிட்டு அங்கே போய்ப் பேசுவோம். எல்லாரும் 16-லேயே பேசினால் யாருக்கும் ஒன்றும் கேட்காது. வைஃபையும் அப்படித்தான். ஒரே சேனலில் இரண்டு பாக்ஸ் இருந்தால் ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

வைஃபை ஓடும் அலைவரிசைப் பட்டைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல் இருக்கிறது. ஆனால் அடுத்தடுத்த சேனலுக்கு நடுவில் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு பாக்ஸுக்கோ 20 வேண்டும். ஆகவே ஒன்றோடு ஒன்று உரசாமல் வைக்க 1, 6, 11 என்று மூன்றுதான் தேறும். 3, 4 என்று புதுமையாகப் போட்டுப் பார்க்காதீர்கள். அது இரண்டு பக்கத்துக்காரனையும் கெடுக்கும்.

சரி, மாறும்போது நேரம் எதுல போகுது? பாஸ்வேர்டு சரிபார்க்கிறதுலயா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சாதாரணப் பாஸ்வேர்டு வைஃபையில் புதுப் பாக்ஸோடு சேர்வதற்குப் போக வர எட்டு செய்திதான். அறிமுகத்துக்கு இரண்டு, சேர்வதற்கு இரண்டு, சாவி உண்டாக்க நான்கு. நெரிசல் இல்லாவிட்டால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

நேரத்தைத் தின்பது தேடல். அடுத்த பாக்ஸ் எந்தச் சேனலில் இருக்கிறது என்று போனுக்குத் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு சேனலில்தான் அது இருக்க முடியும். ஒவ்வொரு சேனலாகப் போய் "யாராவது இருக்கீங்களா?" என்று கத்திவிட்டு 20, 30 மில்லி விநாடி காத்திருக்கும். சில சேனல்களில் கத்தவே அனுமதி இல்லை (ஏன் என்று ரேடார் கேள்வியில் வரும்). அங்கே பாக்ஸ் தானாகக் குரல் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். பாக்ஸ் குரல் கொடுப்பது வழக்கமாக 102.4 மில்லி விநாடிக்கு ஒரு முறை. 2.4-இல் 13, 5 கிகாஹெர்ட்ஸில் சாதாரணமாக 25 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வர இரண்டு விநாடிக்கு மேல் ஆகிவிடும். கால் பேசும்போது இரண்டு விநாடி என்பது எதிராளி மூன்று தடவை "ஹலோ" சொல்லும் நேரம்.

கல்லூரி, பெரிய ஆபீஸ் மாதிரி ஒவ்வொருவருக்கும் தனி யூசர் நேம், பாஸ்வேர்டு உள்ள வைஃபையில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஒவ்வொரு தடவை மாறும்போதும் எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டு வர வேண்டும். அதற்கே அரை விநாடி போய்விடலாம்.

நீங்கதான் ஒரு நேரத்துல ஒரு சேனல்லதான் இருக்க முடியும்னு சொன்னீங்க. பேசிக்கிட்டு இருக்கும்போதே போன் எப்படி வேற சேனலைத் தேடும்?

நல்ல கேள்வி. இதைக் கேட்டது பாம்பனில் பத்தாவது படிக்கும் ஒரு பையன்.

போன் ஒரு பொய் சொல்லும். "எனக்குத் தூக்கம் வருது, வர்ற தகவலை எடுத்து வை" என்று இப்போதுள்ள பாக்ஸுக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பும். பேட்டரி மிச்சம் பிடிக்கப் போன் கண்ணயரும்போது சொல்லும் அதே செய்திதான். பாக்ஸும் நம்பி, வருவதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் போன் பக்கத்துச் சேனலுக்கு ஓடி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, திரும்பி வந்து "முழிச்சுட்டேன், கொடு" என்று வாங்கிக்கொள்ளும். இப்படி ஒரு தடவைக்கு ஒரு சேனல் என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தால் மாறும் நேரத்தில் தேடவே வேண்டாம். கெட்டிக்காரப் போன்கள் செய்வது இதைத்தான். சோம்பேறிப் போன் சிக்னல் சாகும்வரை இருந்துவிட்டு, கடைசியில் மொத்தச் சேனலையும் சுற்றும்.

அப்போ எல்லாப் பாக்ஸையும் ஒரே சேனல்ல போட்டுட்டா தேடவே வேண்டாமே?

தேடல் குறையும், உண்மை. எல்லாப் பாக்ஸும் ஒரே சேனலில், ஒரே அடையாளத்தில் நின்று, போனுக்கு ஒரே பெரிய பாக்ஸாகத் தெரியும்படி செய்து விற்ற கம்பெனிகளும் உண்டு. போன் மாறுவதே இல்லை. எந்தப் பாக்ஸ் பதில் சொல்வது என்பதை நடுவில் இருக்கும் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும்.

கடையில் வாங்கும் சாதாரணப் பாக்ஸில் இதைச் செய்தால் விஎச்எஃப்-இல் எல்லாரும் 16-லேயே பேசின கதைதான். தை அமாவாசைக்கு முந்தின ராத்திரி லாட்ஜ் நிறைந்திருக்கும்போது ஒரு சேனலை அத்தனை போனும் பங்கு போட்டால், ரோமிங் நன்றாக இருக்கும், வேறு எதுவும் நன்றாக இருக்காது. எனக்கு ஒத்துவந்தது நடுவழி: சேனலை வேறு வேறாக வையுங்கள், ஆனால் மொத்தம் நான்கைந்து சேனலுக்குள் முடியுங்கள்.

தலைக்கு மேலயே பாக்ஸ் இருக்கு. போன் கீழ்மாடிப் பாக்ஸையே பிடிச்சுத் தொங்குது. பவரை ஏத்தி வைக்கலாமா?

ஏற்றாதீர்கள், இறக்குங்கள். கோயில் திருவிழா மைக்கை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஸ்பீக்கரில் சொல்வது ஊர்க்கோடி வரை கேட்கும். ஊர்க்கோடியில் நீங்கள் நின்று பதில் சொன்னால் மைக் பிடித்தவருக்குக் கேட்குமா? பாக்ஸின் பவரை முழுசாக வைத்தால் கீழ்மாடிப் பாக்ஸ் மேல்மாடியிலும் சத்தமாகக் கேட்கும். "நல்லாத்தானே கேக்குது" என்று போன் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் போனின் குரல் சின்னது, அது பாக்ஸுக்குப் போய்ச் சேராது. மூன்று கோடு காட்டும், ஒன்றும் ஓடாது.

ஐபோனில் கணக்கு வெளிப்படையாகவே உண்டு. சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே போனால்தான் அது வேறு பாக்ஸைத் தேடும் (டிபிஎம் என்பது சிக்னல் அளவு; மைனஸ் 80 என்றால் மைனஸ் 70-ஐ விடக் குறைவு). தகவல் போய் வந்துகொண்டிருந்தால் புதுப் பாக்ஸ் 8 டிபி கூடுதலாகக் கேட்க வேண்டும், சும்மா இருந்தால் 12 டிபி. அப்போதுதான் தாவும். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு. ஆகவே பக்கத்துப் பாக்ஸுக்குக் கீழே போய் நிற்கும்போது பழைய பாக்ஸ் மைனஸ் 70-க்கு நன்றாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஏதாவது ஒன்றாவது மைனஸ் 67 அளவில் கேட்க வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் வைத்துத்தான் நான் பவரை இறக்குவது.

இன்னொன்றும் செய்யலாம். பாக்ஸ் செட்டிங்கில் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் என்கிற பழைய மெதுவான வேகங்களை அணைத்துவிடுங்கள். மெதுவாகப் பேசினால்தான் தூரத்தில் புரியும்; அந்த வழியை அடைத்தால் தூரத்துப் போன் சீக்கிரம் விட்டுவிடும். பழங்காலத்து 802.11பி ரக வைஃபைக் கருவி ஏதாவது இருந்தால் மட்டும் அது தொடர்பில்லாமல் போகும்.

802.11ஆர், கே, வி-னு செட்டிங்ல மூணு இருக்கு. மூணும் என்ன?

மூன்றும் மூன்று வேலை. கே என்பது விலாசம் சொல்வது. "என் பக்கத்தில் இருப்பவர்கள் 6-இலும் 11-இலும் இருக்கிறார்கள்" என்று பாக்ஸ் போனுக்கு ஒரு பட்டியல் கொடுக்கும். போன் 38 சேனலைச் சுற்றாமல் அந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும். மேலே தேடல்தான் நேரத்தைத் தின்கிறது என்றேனே, அதற்கு மருந்து இதுதான். என்னைக் கேட்டால் மூன்றில் உருப்படியானது கே.

வி என்பது யோசனை சொல்வது. "எனக்குக் கூட்டம் அதிகம், நீ அந்தப் பாக்ஸுக்குப் போயேன்" என்று பாக்ஸ் கேட்கும். போன் மாட்டேன் என்றும் சொல்லலாம்.

ஆர் என்பது சாவி. முதல் தடவை சேரும்போதே ஒரு மூலச்சாவி உண்டாகி, அதிலிருந்து பக்கத்துப் பாக்ஸுக்கான சாவியும் தயாராகிவிடும். மாறும்போது எட்டு செய்திக்குப் பதில் நான்கு. சர்வரைக் கேட்கவும் வேண்டாம். கே-யும் ஆர்-உம் 2008-இலும் வி 2011-இலும் வெளிவந்தவை, ஒன்றும் புதிதில்லை. வீட்டிலும் சின்ன லாட்ஜிலும் ஆர் இல்லாவிட்டால் குடி முழுகிப்போகாது. யூசர் நேம் வைஃபை உள்ள கல்லூரியில் அது இல்லாமல் நடந்துகொண்டே பேசுவது சிரமம்.

நீங்க சொன்னதைக் கேட்டு ஆர் ஆன் பண்ணேன். பில் போடுற பிரின்டர் செத்துப்போச்சு. திட்டலாமா?

திட்டலாம், தகும். எனக்கே நடந்தது. ஒரு லாட்ஜில் சாயங்காலம் ஆர்-ஐ ஆன் செய்துவிட்டு, மாடி ஏறி இறங்கிப் பேசிப் பார்த்து, கட்டாகவில்லை என்று பெருமையாக வீட்டுக்குப் போனேன். காலை ஐந்து மணிக்குப் போன். ரிசப்ஷன் பிரின்டர் வைஃபையைப் பார்க்கிறது, சேரமாட்டேன் என்கிறது. தீர்த்தமாடப் போக வேண்டிய கூட்டம் பில்லுக்காக நிற்கிறது.

காரணம் இதுதான். ஆர் ஆன் ஆனதும் பாக்ஸ் தன் அறிவிப்பில் புதுவகைச் சாவி முறையையும் சேர்த்துச் சொல்லும். சில பழைய கருவிகளுக்கு அந்தப் பாஷை புரியாமல், மொத்தமாகவே ஒதுங்கிவிடும். இப்போதெல்லாம் பிரின்டர், ஸ்வைப் மெஷின், கேமரா போன்ற நகராத கருவிகளுக்கு ஆர் இல்லாத தனி வைஃபை பெயர் ஒன்று போட்டுவிடுகிறேன். நகராததுக்கு ரோமிங் எதற்கு?

ஆர்-ல ஓட்டை இருக்கு, ஹேக் பண்ணிடுவாங்கன்னு என் மாப்பிள்ளை சொல்றாரே?

மாப்பிள்ளை சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் பழசு. 2017 அக்டோபரில் கிராக் என்ற பெயரில் வைஃபை சாவி பரிமாற்றத்திலேயே ஒரு பலவீனம் வெளிவந்தது. மற்றவை பெரும்பாலும் போன் பக்கம் சரிசெய்ய வேண்டியவை. ஆர் சம்பந்தப்பட்டது மட்டும் பாக்ஸ் பக்கம். பிறகு கம்பெனிகள் திருத்தம் விட்டன. அதற்கு முந்தைய பாக்ஸை இன்னும் அப்டேட் செய்யாமல் ஓட்டுகிறீர்கள் என்றால், முதலில் அப்டேட், அப்புறம் ஆர்.

5 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் நிறைய இருக்காமே. எதைப் போடலாம்? நான் 100 போட்டேன், நடுநடுவுல வைஃபையே காணாமப் போகுது.

52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்கள் ரேடாரோடு பங்கு போடுபவை. அங்கே உட்காரும் முன் பாக்ஸ் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடார் துடிப்பு மாதிரி ஏதாவது கேட்டால் பத்து விநாடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அரை மணி நேரம் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. போனும் அங்கே முதலில் கத்தக் கூடாது என்பதால்தான் அந்தச் சேனல்களில் தேடல் மெதுவாக நடக்கிறது.

நம்முடையது கடற்கரை. கப்பல், படகு போக்குவரத்து இருக்கிறது, உச்சிப்புளியிலேயே ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. உங்கள் பாக்ஸ் கேட்டது அசல் ரேடாரா, வேறு ஏதோ இரைச்சலா என்று லாக் சொல்லாது. 'ரேடார் கண்டேன்' என்று மட்டும் எழுதிவிட்டு ஓடிவிடும். ரோமிங் முக்கியம் என்றால் 36, 40, 44, 48, அப்புறம் 149, 153, 157, 161 இந்த எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேனல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் எட்டும் சேர்ந்து இரண்டாகச் சுருங்கிவிடும். 20-இல், மிஞ்சிப்போனால் 40-இல் வையுங்கள். வேகச் சோதனை ஆப்பில் எண் குறைவாகத்தான் காட்டும், காட்டட்டும்.

தம்பி, எங்க வீட்டுச் சுவரு ரெண்டடி கனம். குவைத்துல இருந்து மாப்புள வீடியோ கால் போட்டா, தலைவாசல்ல இருந்து அடுப்படிக்குப் போறதுக்குள்ள படம் உறைஞ்சு நிக்குது. மெஷ் வாங்கிடவா?

லாத்தா, வாங்கும் முன் ஒரு வார்த்தை. மெஷ் என்று விற்கும் பாக்ஸ்கள் வயரில்லாமல் ஒன்றோடு ஒன்று பேசுவதும் அதே சுவர் வழியாகத்தான். கீழக்கரையின் பழைய சுண்ணாம்புச் சுவர் போன் சிக்னலை விடாது என்றால் மெஷ் சிக்னலை மட்டும் எப்படி விடும்? விலை கூடின பெட்டி மூன்றை வாங்கி, மூன்றும் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டிருப்பதை நான் உங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் நடுவில் முற்றம் இருக்கிறது, அதுதான் வரப்பிரசாதம். முற்றத்துத் தாழ்வாரத்தில் ஒரு பாக்ஸ் வைத்தால் சுற்றியுள்ள அறைகளின் கதவு வழியாக உள்ளே போகும். அடுப்படிப் பக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மொட்டை மாடி வழியாக ஒரு வயர். வயர் மட்டும் இருந்தால் சாதாரணப் பாக்ஸே போதும். மெஷ்தான் வேண்டும் என்றால் வயரும் சொருகும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இறால் கம்பெனி ஸ்டோர்ல ஆளுங்க ஸ்கேனரை எடுத்துக்கிட்டு உள்ளயும் வெளியயும் போறாங்க. வெளிய வந்ததும் கொஞ்ச நேரம் ஸ்கேன் ஏறவே மாட்டேங்குது.

குளிர் அறைச் சுவர் இரண்டு பக்கமும் தகடு, நடுவில் பஃப் என்கிற நுரை. ரேடியோவுக்கு அது இரும்புப் பெட்டி. கதவு திறந்திருக்கும்போது உள்ளே இருக்கும் பாக்ஸ் வெளியே பீறிட்டு வரும். ஆள் வெளியே வந்து கதவு சாத்தியதும் சிக்னல் ஒரே வெட்டாக விழும். வீட்டில் மாதிரி மெல்லக் குறைந்தால் ஸ்கேனர் முன்கூட்டித் தேடியிருக்கும். இங்கே அதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

இரண்டு காரியம் செய்தேன். கதவுக்கு வெளியே, கதவைப் பார்த்தபடி ஒரு பாக்ஸ் வைத்தேன். கதவு திறந்த நொடியிலேயே ஸ்கேனருக்கு அது கேட்கும். பிறகு ஸ்கேனரின் செட்டிங்கிலேயே சேனல் பட்டியலைக் குறைத்தேன். இந்தத் தொழிலுக்கென்று வரும் கருவிகளில் எந்தெந்தச் சேனலைத் தேட வேண்டும், எந்த அளவில் விட வேண்டும் என்று நாமே எழுதலாம், போனில் அது முடியாது. 36, 44, 149 மூன்று மட்டும் என்று போட்டதும் ஏற ஆரம்பித்துவிட்டது. உறைபனி அறைக்குள் மாட்டும் பாக்ஸ் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். பலதும் பூஜ்யத்துக்குக் கீழே தாங்காது.

ஒழுங்கா மாறுதான்னு நானே பாத்துக்க முடியுமா? ஸ்பீடு டெஸ்ட் போட்டா நல்லாத்தான் காட்டுது.

ஸ்பீடு டெஸ்ட் நின்ற இடத்தில் போடுவது, இதற்கு உதவாது. ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து 'வைஃபை வெர்போஸ் லாக்கிங்' ஆன் செய்யுங்கள். வைஃபை பட்டியலில் பாக்ஸின் மேக் எண்ணும் (ஒவ்வொரு பாக்ஸுக்கும் உள்ள தனி அடையாள எண்) டிபிஎம்மும் தெரியும். அதைப் பார்த்தபடி சாதாரண நடையில் நடங்கள். எண் எந்தப் படியில் மாறுகிறது, மாறும்போது டிபிஎம் எவ்வளவு என்று சாக்பீஸால் தரையில் குறித்துவிடுவேன் நான். மைனஸ் 80 தாண்டித்தான் மாறுகிறது என்றால் பவர் கேள்விக்குத் திரும்பப் போங்கள்.

அடுத்தது, தலைவாசல் ரவுட்டருக்குப் பிங் ("இருக்கியா?" என்று கேட்டுப் பதில் வாங்கும் சின்னச் செய்தி) ஓடவிட்டு நடங்கள், விநாடிக்கு ஐந்து வீதம். விநாடிக்கு ஒன்று என்று விட்டால் நடுவில் அரை விநாடி விழுந்ததே தெரியாது. ஒன்றிரண்டு தவறினால் பேச்சில் தெரியாது. பத்து தவறினால் அது இரண்டு விநாடி.

படகு ஜெட்டியில ரெண்டு பாக்ஸ் போட்டுத் தந்தீங்க. ஆறு மாசம் அருமையா மாறுச்சு. இப்போ மறுபடி கட்டாகுது. செட்டிங் யாரும் தொடல.

செட்டிங்கை யாரும் தொடவில்லை, உப்புக்காற்று தொட்டிருக்கும். தென்கடல் பக்கம் சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் நெட்வொர்க் வயரின் ஆர்ஜே45 முனையைக் கழற்றிப் பார்த்தால் செம்பில் பச்சை பூத்திருக்கும். பாக்ஸுக்குக் கரண்ட் போவதும் அதே வயரில்தான். தொடர்பு விட்டு விட்டு வந்தால் பாக்ஸ் அணைந்து எழும், போன் பதறிப்போய் அடுத்ததைத் தேடும். பார்ப்பவருக்கு ரோமிங் கோளாறு மாதிரியே இருக்கும். பாக்ஸ் எத்தனை மணி நேரமாக அணையாமல் ஓடுகிறது என்று அதன் செட்டிங் பக்கத்திலேயே போட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். 'இரண்டு மணி நேரம்' என்று இருந்தால் முனையை வெட்டிப் புதிதாக அடித்து, சிலிக்கான் கிரீஸ் வைத்து, தண்ணீர் புகாத மூடி போட்டு, வயர் கீழே ஒரு வளைவு வளைந்து மேலேறும்படி கட்டுங்கள்; மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

வைஃபை 7 வந்துருச்சே, அதுல இந்தத் தொல்லையே இல்லையாமே?

வைஃபை 7-இல் ஒரு போன் ஒரே பாக்ஸோடு இரண்டு சேனலில் ஒரே சமயம் கை கோத்துக்கொள்ளலாம். ஒன்று கெட்டால் மற்றது தாங்கும். ஆனால் அது ஒரே பாக்ஸோடுதான். அடுத்த பாக்ஸுக்குத் தாவும்போது பழைய கதை அப்படியே இருக்கிறது. அறுபடாமல் பாக்ஸ் மாறுவதை அடுத்த தலைமுறையான வைஃபை 8-இல் கொண்டுவர வேலை செய்கிறார்கள். இப்போதைக்கு மூன்று பழைய பாக்ஸும் வயரும் போட்டவரை, வயரில்லாத வைஃபை 7 வாங்கியவர் ஜெயிக்க முடியாது.

எல்லாம் நீங்க சொன்னபடி பண்ணியாச்சு. மாடிப்படி திரும்புற ஒரே ஒரு இடத்துல மட்டும் இன்னும் கட்டாகுது.

அந்தத் திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ராமேஸ்வரம் லாட்ஜ்களில் பெரும்பாலும் படி லிஃப்டைச் சுற்றித்தான் ஏறும். லிஃப்டின் இரும்பு ஒரு பக்கம், கான்கிரீட் இன்னொரு பக்கம். இரண்டு படி ஏறுவதற்குள் கீழ்ப் பாக்ஸ் மறைந்துவிடும், மேல் பாக்ஸ் இன்னும் கண்ணில் பட்டிருக்காது. இறால் ஸ்டோர் கதவு மாதிரியேதான். மேல் பாக்ஸை அறை வரிசையின் நடுவிலிருந்து எடுத்து, படி ஏறிவரும் ஆளுக்கு நேர் எதிரே, திருப்பத்திலிருந்தே தெரியும்படி மாட்டுங்கள். ஏழெட்டு அடி நகர்த்தினாலே பெரும்பாலும் போதும். நகர்த்த வயர் எட்டவில்லை என்றால் அந்தத் திருப்பத்திலேயே சின்னதாக இன்னொரு பாக்ஸ், குறைந்த பவரில், கீழேயும் மேலேயும் இல்லாத மூன்றாவது சேனலில்.